மணலுக்கு ஒரு காற்று, கல்லுக்கு ஒரு காற்று: மலை சைக்கிள் கேள்வி–பதில்

என் எடை 78 கிலோ. 29 அங்குலச் சக்கரம், 2.35 அகலம், உள்ளே ட்யூப் இல்லாத ட்யூப்லெஸ் டயர். சனிக்கிழமை டர்பனுக்கு வடக்கே பலிட்டோ பக்கம் கரும்புத் தோட்டப் பாதை, ஞாயிறு பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் கேஸ்கேட்ஸ் மலை சைக்கிள் தடம். இரண்டு இடத்துக்கும் காற்றழுத்தம் 35 பிஎஸ்ஐ அடித்துத்தான் போகிறேன். கை மரத்துப்போகிறது, வளைவில் முன்சக்கரம் வழுக்குகிறது. எவ்வளவு வைக்கலாம்?
– வாசகர், சாட்ஸ்வர்த்

35 மிக அதிகம். அந்த இறுக்கத்தில் டயர் கல்லின் மேல் படியாமல் ஒவ்வொன்றிலும் துள்ளுகிறது. துள்ளும் நேரத்தில் பிடிமானம் கிடையாது. அந்த அதிர்வுதான் உங்கள் கைக்கு வருகிறது.

முன்னால் 22, பின்னால் 25 என்று ஆரம்பியுங்கள். உடல் பாரத்தில் பெரும்பகுதி பின்சக்கரத்தில் இறங்குவதால் அதற்கு எப்போதும் 2, 3 கூடுதலாக வேண்டும். வேறு எடைக்காரர்கள் 5 கிலோவுக்கு ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். 2.2 அகல டயருக்கு 2, உள்ளே ட்யூப் இருந்தால் 4 கூட்டுங்கள்.

இது ஆரம்ப எண்தான். உங்களுக்கான எண்ணைப் பாதையில்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வளைவு, கொஞ்சம் வேர், கொஞ்சம் கல் உள்ள இரண்டு நிமிடத் துண்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஓட்டிவிட்டு இரண்டு சக்கரத்திலும் 1 பிஎஸ்ஐ இறக்குங்கள். அதே தடத்தில், அதே வேகத்தில் திரும்ப ஓட்டுங்கள். ஒரு கட்டத்தில் மூன்றில் ஒன்று நடக்கும்: சக்கர வளையமான ரிம் கல்லில் ‘டங்’கென்று இடிக்கும், வளைவில் டயர் பக்கவாட்டில் மடிந்து சைக்கிள் நெளியும், அல்லது டயரின் ஓரம் ரிம்மை விட்டு ஒரு கணம் விலகி ‘புஸ்’ என்று காற்றைக் கக்கும். அங்கிருந்து 2 ஏற்றினால் அதுதான் உங்கள் எண். ஒரு துண்டு டேப்பில் எழுதி சைக்கிள் சட்டத்தில் ஒட்டிவிடுங்கள்.

2013 உலகச் சாம்பியன்ஷிப் நடந்த கேஸ்கேட்ஸில் பாறைகள் அடுக்கிய இறக்கங்கள் உண்டு. அங்கே பின்சக்கரத்துக்கு மட்டும் 1 அல்லது 2 கூட்டுங்கள்; ரிம் நசுங்குவது பெரும்பாலும் பின்னால்தான். மழை பெய்து வேர் நனைந்திருந்தால் இரண்டிலும் 2 குறையுங்கள். கடலோரச் செம்மணலில் 3, 4 கூட இறக்கலாம், டயர் பரந்து மேலே மிதக்கும். ஆனால் டயரின் பக்கச்சுவரில் அச்சிட்ட குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகவே கூடாது. தார் ரோட்டில் வீடு திரும்பும்போது 28க்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.

என் பம்ப்பில் 24 காட்டுகிறது, நண்பரின் டிஜிட்டல் கேஜில் 27. பெட்ரோல் பங்க் மெஷினோ கிலோபாஸ்கலில் பேசுகிறது. எதை நம்புவது?
– வாசகர், டொங்காட்

பம்ப்பின் முள் 160 வரை போகும் வகையாக இருந்தால், 20க்கும் 30க்கும் இடையே அதை நம்பாதீர்கள். 60க்குள் முடியும் கேஜ் ஒன்று தனியாக வாங்கி, எப்போதும் அதிலேயே பாருங்கள். இரண்டு கேஜ் மாற்றி மாற்றிப் பார்த்தால் கணக்கு குழம்பிவிடும். ஒரே கேஜ் சற்றுப் பிசகினாலும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பிசகினால் நஷ்டமில்லை.

100 கிலோபாஸ்கல் என்றால் 14.5 பிஎஸ்ஐ. 22க்கு 152, 25க்கு 172. பங்க் மெஷினின் தலை கார் வால்வுக்கானது. உங்கள் சைக்கிளில் மெல்லிய பிரெஸ்டா வகை வால்வு இருந்தால், அதற்குப் பித்தளை அடாப்டர் மாட்டி, நுனித் திருகைத் தளர்த்திய பிறகே காற்று ஏறும்.

ட்யூப்லெஸ்ஸில் கேஜ் ஒன்றுமே காட்டாவிட்டால் டயருக்குள் ஊற்றும், ஓட்டையை அடைக்கும் திரவமான சீலன்ட் வால்வுக்குள் காய்ந்து அடைத்திருக்கும். முழுக் காற்றையும் விட்டு, வால்வின் உள்திருகைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், அல்லது புதியது போடுங்கள். இனி காற்றுப் பார்க்கும்போது வால்வு அடியில் நிற்காமல் சக்கரத்தைச் சுழற்றி வையுங்கள்; சீலன்ட் தேங்குவது அடியில்தான்.

டர்பனில் 24 வைத்து, சைக்கிளைக் காரில் ஜோகன்னஸ்பர்க் கொண்டுபோனேன். இறக்கிப் பார்த்தால் 29. யாரும் தொடவில்லையே?
– வாசகர், பீனிக்ஸ்

ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே குறைவு. கேஜ் காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை. ஆகவே டயருக்குள் ஒன்றும் மாறாமலே 2.8 கூடித் தெரியும். மீதி காருக்குள் இருந்த சூடு: 20 டிகிரியில் 24 இருந்த டயர் 45 டிகிரியில் 27ஐத் தாண்டும். குளிர்கால அதிகாலையில் போனால் குளிர் இறக்குவதும் உயரம் ஏற்றுவதும் ஈடாகி, ஏறக்குறைய 24ஏ காட்டலாம்.

ஓட்டும் இடத்தில், நிழலில் கால் மணி நேரம் வைத்துவிட்டுப் பாருங்கள். திரும்பும்போது இன்னும் கவனம் வேண்டும். மேலே 24 வைத்துவிட்டு டர்பனில் பார்க்காமல் கல்லில் இறங்கினால், நீங்கள் ஓட்டுவது 21இல்.

காய்ந்த புல்வெளியில் நெருஞ்சி முள் விடாமல் குத்துகிறது. காற்றைக் கூட்டினால் ஏறாமல் இருக்குமா?
– வாசகர், லேடிஸ்மித்

இருக்காது. முள்ளுக்கு 22உம் ஒன்றுதான், 35உம் ஒன்றுதான். ட்யூப்லெஸ்ஸுக்கு மாறி, 29 அங்குல டயர் ஒன்றுக்கு 100 முதல் 120 மில்லி சீலன்ட் ஊற்றுங்கள். வெயிலில் அது வற்றும். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்திருகைக் கழற்றி, குச்சி விட்டு ஈரம் பாருங்கள். முள்ளைப் பிடுங்கியதும் ஓட்டை அடியில் வருமாறு சக்கரத்தைத் திருப்பி ஒரு நிமிடம் நிறுத்தினால் அடைந்துவிடும். பெரிய வேல முள் போட்ட ஓட்டை அடையாவிட்டால் ரப்பர் திரியைச் செருகுங்கள்.

ட்யூப்பிலேயே ஓட்டுகிறவர்கள் பஞ்சரை ஒட்டும் முன் ஓட்டையைப் பாருங்கள். ஒற்றை ஊசித்துளை என்றால் முள். பக்கம் பக்கமாக இரண்டு கீறல் இருந்தால் அது முள் அல்ல; காற்றுக் குறைந்து, ட்யூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கியிருக்கிறது. அப்போது மட்டும் 3 பிஎஸ்ஐ கூட்டுங்கள்.