வெள்ளி நாணயத்தில் ஏறிய நிறத்துக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

கேள்வி: ஒரே வருடத்து வெள்ளி நாணயங்கள் இரண்டு பார்த்தேன். இரண்டும் புழங்காதவை என்கிறார் விற்பவர். ஒன்று பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறது. இன்னொன்றில் ஓரமெல்லாம் நீலமும் ஊதாவும் ஏறியிருக்கிறது. அதற்கு மூன்று மடங்கு கேட்கிறார். கறுத்துப்போன காசுக்கு மதிப்பு குறையத்தானே வேண்டும்? இதை எப்படிக் கணிப்பது?

பதில்:

முதலில் நான் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். சேகரிக்க ஆரம்பித்த இரண்டாம் வருடம், ஒரு பக்கம் முழுக்க மயில் கழுத்து நிறத்தில் மின்னிய வெள்ளி டாலர் ஒன்றைப் படத்தை மட்டும் பார்த்து வாங்கினேன். சாதாரண விலையைப் போல நான்கு பங்கு கொடுத்தேன். கைக்கு வந்தபோதும் அழகாகத்தான் இருந்தது. சன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்ததும்தான் வயிற்றைக் கலக்கியது. நிறம் இருக்கிறது, அதற்கடியில் வெளிச்சம் நகரவே இல்லை. லென்ஸ் வைத்தால் நிறத்துக்குக் கீழே மயிரிழை போல ஒரே திசையில் ஓடும் கீறல்கள். யாரோ துடைத்துத் துடைத்துப் பாழாக்கிய காசு. அதை மறைக்க வேதிப்பொருளால் நிறம் ஏற்றியிருக்கிறார்கள். தர மதிப்பீட்டுக்கு அனுப்பினேன். நிறம் ஐயத்துக்குரியது என்று எழுதி, தர எண் எதுவும் தராமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தக் காசு இன்னும் என்னிடம் இருக்கிறது. நிறத்துக்காக ஏதாவது வாங்கக் கை பரபரத்தால் அதை ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

சரி, இந்த நிறம் எங்கிருந்து வருகிறது? வெள்ளி இரும்பைப் போலத் துருப்பிடிப்பதில்லை. அதை மாற்றுவது கந்தகம். காற்றில் கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடும், மலிவான அட்டை, பழுப்பு உறை, ரப்பர் பேண்டு, கம்பளி ஆகியவற்றிலிருந்து கசியும் கந்தகமும் வெள்ளியோடு சேர்ந்து மெல்லிய வெள்ளி சல்ஃபைடு படலமாகப் படிகின்றன. அந்தப் படலத்துக்கென்று நீலமோ ஊதாவோ கிடையாது. தண்ணீர் மேல் மிதக்கும் எண்ணெயில் தெரியும் அதே வித்தைதான்: படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், ஊடுருவிப் போய் உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் கலந்து, சில நிறங்களை அடக்கிச் சிலவற்றைத் தூக்கிக் காட்டுகின்றன.

எந்த நிறம் தெரியும் என்பது படலத்தின் கனத்தைப் பொறுத்தது. அதனால் நிறங்கள் ஒரு வரிசையில்தான் வரும். முதலில் வெளிறிய மஞ்சள், அப்புறம் தேன் நிறம், செம்பழுப்பு, ஊதா, அடர் நீலம், வெளிர் நீலம். இன்னும் கனத்தால் மறுபடி ஒரு மஞ்சள், சிவப்பு, பச்சை. கடைசியில் சாம்பல், கறுப்பு. இந்த வரிசையை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வது நல்லது. பச்சை பின்னால் வரவேண்டிய நிறம். வெறும் வெள்ளைப் பரப்பை ஒட்டியே, நடுவில் மஞ்சளோ நீலமோ இல்லாமல் ஒரு பச்சைத் திட்டு குதித்து நின்றால் அந்தக் காசைக் கீழே வைத்துவிடுவேன். எல்லைக்கோடு கூர்மையாக இருப்பது மட்டும் தப்பில்லை. ஆனால் அந்தக் குறுகிய கோட்டிலும் நிறங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வரிசையாகவே நிற்கவேண்டும்.

இதற்கு நல்ல பாடம் அமெரிக்காவின் மோர்கன் வெள்ளி டாலர்கள். 1878 முதல் 1904 வரையும், பிறகு 1921-லும் அச்சடித்தவை. லட்சக்கணக்கில் புழக்கத்துக்கே போகாமல், ஆயிரம் ஆயிரமாகத் துணிப்பைகளில் கட்டிப் பெட்டகங்களில் பல பத்தாண்டுகள் கிடந்தன. பையின் துணியைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கத்தில் மட்டும் நிறம் ஏறியது. சிலவற்றில் துணியின் நெசவே அச்சாகப் பதிந்திருக்கும். மேலே இன்னொரு காசு பாதி மறைத்துக் கிடந்த இடம் பிறைபோல வெள்ளையாகவே தங்கியிருக்கும். இப்படி நிறத்துக்கு ஒரு காரணம் தெரிந்தால் நம்பிக்கை வருகிறது. ஆல்பத்தில் இருந்த காசுக்கு ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வளையமாக ஏறும். அட்டையில் செருகி வைத்ததற்கு அட்டை தொட்ட பக்கம் அதிகமாக ஏறும். இந்தக் காசு எங்கே, எதைத் தொட்டுக்கொண்டு கிடந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பதிலே தோன்றாத நிறத்துக்கு நான் காசு கொடுப்பதில்லை.

இனி மதிப்பு. நிறத்தை முதலில் மறந்துவிடுங்கள். அதே வருடம், அதே நாணயச்சாலை, அதே தரத்தில் வெள்ளையாக இருக்கும் நாணயம் என்ன விலைக்குப் போகிறது? அதுதான் அடிமட்டம். நாணயத் தரத்தை அளக்கும் 70 புள்ளி அளவுகோலில் தரம் குறைந்த காசு நிறம் ஏறியதால் உயர்ந்த தரமாகிவிடாது. சொல்லப்போனால் நிறம் தேய்மானத்தையும் கீறலையும் மறைக்கும். ஆகவே எடுத்துக்காட்டாக முகத்தின் கன்னம், முடியின் மேடு போன்ற உயர்ந்த இடங்களில் நிறத்தைத் தாண்டி லென்ஸால் பாருங்கள்.

அடுத்தது மினுக்கம். என்னைக் கேட்டால் விலையில் பாதிக்குமேல் இதுதான் தீர்மானிக்கிறது. புழங்காத நாணயத்தை ஒற்றை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்தால், வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் சுழல்வதுபோல ஒளிக்கற்றைகள் வட்டமிடும். அச்சடிக்கும்போது உலோகம் வெளிப்புறம் பாய்ந்த நுண்வரிகள் தருகிற ஒளி அது. படலம் மெல்லியதாக இருக்கும்வரை நிறத்தின் ஊடாகவும் அந்தச் சக்கரம் சுழலும். அப்படிச் சுழன்றால் கூடுதல் விலைக்குப் பேச்சு உண்டு. நிறம் மட்டும் வண்ணத்தாள் ஒட்டியதுபோல அசையாமல் நின்றால், ஒன்று படலம் கனத்துவிட்டது, இல்லையென்றால் அடியில் உயிர் போன பரப்பு. இரண்டுமே விலையைக் குறைக்கும். ஆகவே உங்கள் கேள்வியின் பாதி சரிதான்: முழுக்கக் கறுத்து ஒளி செத்துப்போன காசுக்கு மதிப்பு குறையத்தான் செய்யும்.

மினுக்கமும் தேறிவிட்டால் எந்த நிறம், எங்கே என்பது வருகிறது. முகப்புப் பக்கத்து நிறத்துக்குத்தான் போட்டி அதிகம். பின்பக்கம் மட்டும் வானவில் என்றால் விலை பாதியில் நின்றுவிடும். தெளிவான பட்டைகளாக மாறும் நீலம், ஊதா, பொன் நிறங்களைத் தேடுவோர் உண்டு. திட்டுத்திட்டான பழுப்பு, விரல்ரேகை, கரும்புள்ளி இவற்றை ‘இயற்கையான நிறம்’ என்று சொல்லி விற்பார்கள். இயற்கையாகவே இருக்கலாம், அதற்காக அழகாகிவிடாது. பிசுபிசுப்பான பச்சை வேறு கதை; அது பிவிசி பிளாஸ்டிக் உறையிலிருந்து கசிந்தது, உலோகத்தை அரிக்கும். தூய அசிட்டோனில் கழுவினால் அது போகும். வெள்ளி சல்ஃபைடு அசிட்டோனுக்கு அசையாது. ஆகவே அசிட்டோனில் நிறம் கரைந்தால் அது மேலே பூசிய எதுவோ.

நிறத்துக்கென்று விலைப்பட்டியல் கிடையாது. ஏலத்தில் ஒரு நாள் இரண்டு பேர் பிடிவாதமாக நின்றதால் ஏறிய விலையை விற்பவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். அந்த இருவரில் ஒருவர் வாங்கி முடித்துவிட்டார் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரே மாதிரி நிறமுள்ள நாலைந்து காசுகளின் ஏல முடிவுகளைப் பார்த்து, உச்ச விலையைத் தள்ளிவிட்டுத்தான் நான் கணக்குப் போடுவேன்.

படத்தை நம்பாதீர்கள். நிறச் செறிவைக் கூட்டுவது ஒரு விரல் வேலை. காசைச் சாய்த்துத் திருப்பும் காணொளி கேளுங்கள், தர மறுத்தால் விட்டுவிடுங்கள். 1986-லும் 1987-லும் தொடங்கிய பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற இரண்டு மதிப்பீட்டு நிறுவனங்கள் மூடித்தரும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் தர எண்ணோடு இருந்தால், செயற்கை நிறம் என்ற பயம் பெருமளவு குறையும். மூன்று மடங்கு நியாயமா என்பதை அந்தக் கூடு சொல்லாது.

கடைசியாக, அந்த வெள்ளைக் காசையும் அதே விளக்கின் கீழ் சாய்த்துப் பாருங்கள். நூறு வருடத்து வெள்ளி பளிச்சென்று இருந்தால், பெரும்பாலும் யாரோ ஒரு கட்டத்தில் தையோயூரியா என்ற வேதிப்பொருள் கலந்த அமிலத்தில் முக்கி எடுத்திருப்பார்கள். ஏறிய படலம் காசின் சொந்த வெள்ளியிலிருந்து உண்டானது. படலம் போகும்போது அந்த வெள்ளியும் கூடவே போகிறது, அந்த நுண்வரிகளும் மழுங்குகின்றன. ஒருமுறை பட்டும் படாமலும் முக்கியிருந்தால் சக்கரம் சுழலும். பலமுறை முக்கியிருந்தால் வெள்ளையாக இருக்கும், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி.