'டீடூர்' படத்தில் இத்தனை ஓட்டை இருந்தும் அதை ஏன் இன்னும் கொண்டாடுகிறார்கள்?

ஓட்டை இருப்பது உண்மைதான். 1945-இல் பி.ஆர்.சி. என்ற சின்ன கம்பெனிக்காக எட்கர் ஜி. உல்மர் சொற்பக் காசில் எடுத்த படம். மொத்தமே 68 நிமிடம்தான். நியூயார்க் தெருவுக்கு செட் போட வழியில்லாமல், புகைமூட்டத்தைக் கிளப்பி மறைத்திருக்கிறார்கள். லிஃப்ட் கேட்கும் சில காட்சிகளில் பிலிமையே இடவலமாகத் திருப்பிப் போட்டதால், அமெரிக்க ரோட்டில் கார்கள் இடப்பக்கமாக ஓடுகின்றன. (நமக்கு அதுதானே வழக்கம், எனக்கு உறுத்தவே இல்லை!) இந்தப் படத்தைத்தான் 1992-இல், காலத்துக்கும் காப்பாற்ற வேண்டிய படங்கள் என்று தேர்ந்தெடுத்து வைக்கும் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள்.

கிளப்பில் பியானோ வாசிக்கும் அல், லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் காதலியைப் பார்க்க லிஃப்ட் கேட்டே கிளம்புகிறான். ஏற்றிக்கொண்ட ஹாஸ்கெல் வழியில் செத்துப்போகிறான். போலீஸ் நம்பாது என்று பிணத்தை ஒளித்துவிட்டு, அவன் கார், பணம், பெயர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறான். அப்புறம் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிற்கும் வீரா என்ற பெண்ணைத் தானாகவே கூப்பிட்டு ஏற்றுகிறான்.

வீராவாக ஆன் சாவேஜ். காரில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுகிறாள். பாவம் இந்தப் பெண் என்று அல் மனசுக்குள் இரங்கிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நிமிர்ந்து, பிணத்தை எங்கே போட்டாய் என்று கேட்கிறாள். இவளும் முன்பு ஹாஸ்கெல் காரில் வந்தவள்; அவன் கையில் நாம் முன்பே பார்த்த நகக்கீறல் இவள் போட்டதுதான். அந்த ஒரு நொடிக்காகவே படத்தைப் பார்க்கலாம்.

ஆனால் என்னைத் திரும்பத் திரும்ப இழுப்பது வேறு. நாம் பார்ப்பதெல்லாம் அல் சொல்லும் கதை. ஹாஸ்கெல் தானாகவே செத்தானாம். வீரா போதையில் டெலிபோனோடு உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொள்ள, இவன் வெளியே நின்று வயரை இழுத்தானாம், அது அவள் கழுத்தில் சுற்றியிருந்ததாம். இரண்டு சாவு, இரண்டிலும் இவன்மேல் தப்பே இல்லை! யாரும் கேட்காமலேயே, நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று நம்மிடம் மல்லுக்கு வேறு நிற்கிறான். இந்த ஆள் புளுகுகிறானோ என்ற சந்தேகம் வந்துவிட்டால் அந்தப் புகைமூட்டமும் ஒட்டாத பின்னணியும் குறையாகவே தெரியாது. ஜோடித்துச் சொல்பவன் கண்ணால் பார்த்தால் உலகம் இப்படித்தானே இருக்கும்?

கடைசியில் போலீஸ் கார் வருவது, குற்றவாளி தப்பக்கூடாது என்ற அன்றைய சென்சார் விதிக்காக வைத்தது. அதைக்கூட அல் 'என்றைக்காவது நடக்கும்' என்கிற தொனியில்தான் சொல்கிறான். அதுவும் அவன் கற்பனைதானோ என்னவோ.

பார்ப்பதானால் 2018-இல் புதுப்பித்த பிரதியைத் தேடிப் பாருங்கள். காப்புரிமை இல்லாத படம் என்பதால் நெட்டில் மங்கலும் கீறலுமான பிரதிகள்தான் நிறையக் கிடக்கின்றன.