கார்பெட் நனைந்த இடத்தில் ஓட்டை இருக்காது

கேள்வி: என்னுடையது 16 வருடப் பழைய செடான் கார். சன்ரூஃப் கிடையாது. பலத்த மழை பெய்தால் டிரைவருக்குப் பக்கத்து இருக்கையின் முன்னால், கால் வைக்கும் இடத்தில் கார்பெட் ஊறிப்போகிறது. டிக்கியில் ஸ்டெப்னி குழியிலும் தண்ணீர் நிற்கிறது. முன்கண்ணாடியின் ஓரம் முழுக்க சிலிக்கான் பூசிப் பார்த்தேன். ஒரு மழைக்குக்கூடத் தாங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மறுபடி ஒட்ட வேண்டும் என்கிறார் மெக்கானிக். ஒட்டலாமா? அதற்கு முன் நானே ஏதாவது பார்க்க முடியுமா?

பதில்: கண்ணாடியில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். மெக்கானிக் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவரும் டார்ச்சும் போதும்.

கார் ஒன்றும் மூடி போட்ட டப்பா இல்லை. தண்ணீர் உள்ளே வரும் என்று தெரிந்தேதான் அதைக் கட்டுகிறார்கள். கதவுக் கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கு வழியாக மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் சின்னத் துளைகள் வழியாக வெளியே போய்விடும். முன்கண்ணாடியில் வழிவது, வைப்பருக்குக் கீழே இருக்கும் கருப்பு பிளாஸ்டிக் தட்டுக்குள் புகுந்து, ஓரங்களில் இறங்கி, முன்சக்கரத்துக்குப் பின்னால் கொட்டும். சன்ரூஃப் வைத்த கார்களில் அதன் சட்டத்தைச் சுற்றி ஒரு வாய்க்காலே இருக்கும், மூலைக்கொரு குழாய். அதனால் பழைய காருக்குள் தண்ணீர் வந்தால், அது வந்த வழியைவிட அது போக வேண்டிய வழியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். என் அனுபவத்தில் ரப்பர் கிழிவதைவிட வடிகால் அடைத்துக்கொள்வதே அதிகம்.

அதற்கும் முன்னால், அது மழைத் தண்ணீர்தானா? மழை பெய்தால் என்று எழுதியிருக்கிறீர்கள், பெரும்பாலும் அதுதான். இருந்தாலும் ஒரு வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். வழவழப்பாக, லேசான தித்திப்பு வாசனையோடு, பச்சையோ இளஞ்சிவப்போ ஆரஞ்சோ நிறம் காட்டினால் அது கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் (சூடான கூலன்ட் ஓடும் சின்ன ரேடியேட்டர்) ஒழுகுகிறது என்று பொருள். முன்கண்ணாடியின் உட்புறம் எண்ணெய் பூசினாற்போல் மங்கும், கூலன்ட் டேங்கிலும் அளவு இறங்கிக்கொண்டே வரும். (வாசனை தித்திப்பாக இருக்கிறதே என்று நாக்கில் வைத்துவிடாதீர்கள். பெரும்பாலான கூலன்ட்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால், அது விஷம்.)

இன்னொரு ஆள் ஏசி. புழுக்கமான நாளில் ஏசி போட்டு அரைமணி நேரம் ஓட்டி நிறுத்தினால், காருக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ வேண்டும். தரை காய்ந்தே கிடந்தால் வடிகுழாய் அடைத்திருக்கிறது, அந்தத் தண்ணீர் கார்பெட்டுக்குத்தான் போகிறது. மழை நாளில் கண்ணாடி மங்குகிறது என்று எல்லோரும் ஏசியைப் போடுவார்கள். பழி மழை மேல் விழும்.

சரி, மழைத் தண்ணீர்தான் என்று வைத்துக்கொள்வோம். கார்பெட்டைத் தூக்காமல் எதையும் சொல்ல முடியாது. கதவு நிலையின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டையை நெம்பி எடுத்தால் கார்பெட்டின் ஓரம் கைக்கு வரும். மேலே தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும் கார்பெட்டுக்கு அடியில் கனமான ஸ்பான்ஞ் இருக்கிறது. லிட்டர் கணக்கில் தண்ணீரைக் குடித்துவிட்டு அது சத்தமில்லாமல் கிடக்கும். அதை வெளியே எடுத்துக் காயவைத்துவிட்டு, தகரம் தெரியும் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். அடுத்த மழையில் தாளின் எந்த மூலை முதலில் நனைகிறதோ, அங்கிருந்து மேல்நோக்கித் தேட வேண்டும்.

மேல்நோக்கி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என்னிடம் முன்பு இருந்த காரில் பின்னிருக்கைக்கு அடியில் தண்ணீர் தேங்கும். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கதவு ரப்பரோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் பார்த்தால் கூரை ஆன்டெனாவின் அடியில் இருந்த ரப்பர் வெடித்திருந்தது. அங்கே நுழைந்த தண்ணீர், கூரைத் துணிக்கும் தகரத்துக்கும் நடுவே ஆன்டெனா கேபிளைப் பிடித்துக்கொண்டே போய், பின்தூணுக்குள் இறங்கி, இருக்கைக்கு அடியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. கூரைத் துணியில் ஒரு கறைகூட இல்லை.

உங்கள் காரின் முன்பக்க ஈரத்துக்கு எனக்குச் சந்தேகம் இரண்டு இடங்கள் மேல்.

ஒன்று, வைப்பருக்குக் கீழே. வைப்பர் கைகளையும் அந்தக் கருப்பு பிளாஸ்டிக் தட்டையும் கழற்றிப் பாருங்கள். 16 வருடமாக விழுந்த இலையும் தூசியும் மக்கிக் கருமண்ணாகி வடிகாலின் வாயை அடைத்திருக்கும். சில கார்களில் அதில் செடியே முளைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். கையால் அள்ளிப் போட்டுவிட்டு ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள். கடகடவென்று குடித்துச் சக்கரத்துக்குப் பின்னால் கொட்டினால் சரி. குளம்போல் நின்று மெதுவாக வற்றினால் உள்ளே இன்னும் அடைப்பு இருக்கிறது. சில கார்களில் வடிகாலின் நுனியில் வாத்து அலகு மாதிரி ஒரு ரப்பர் இருக்கும். அதன் உதடுகள் சேற்றில் ஒட்டிக்கொண்டாலும் இதே கதைதான். ஏசி காற்றை ஊதும் விசிறிக்கு, அதாவது ப்ளோயருக்குக் காற்று இழுக்கும் வாயும் இந்தத் தொட்டிக்குள்ளேதான் இருக்கிறது. தண்ணீர் அந்த உயரத்துக்கு ஏறினால் நேராக ப்ளோயர் பெட்டிக்குள் கொட்டும். பெரும்பாலான கார்களில் ப்ளோயர் இருப்பது டிரைவருக்குப் பக்கத்து இருக்கையின் முன்னால். நீங்கள் சொல்லும் இடமும் அதுவே. கேபின் ஃபில்டரை உருவிப் பாருங்கள். நனைந்திருந்தாலோ, காய்ந்துபோன நீர்க்கோடு தெரிந்தாலோ, பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது, கதவு. கதவின் உட்புற உறையான டோர் பேடைக் கழற்றினால் தகரத்தின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் ஷீட் ஒன்று தெரியும். ஸ்பீக்கர் மாட்டுகிறவர்களும் பவர் விண்டோ மோட்டார் மாற்றுகிறவர்களும் அதைச் சும்மா போட்ட உறை என்று நினைத்துக் கிழித்துவிடுவார்கள், அல்லது பாதி ஒட்டிவிட்டு பேடை மாட்டிவிடுவார்கள். கதவுக்குள் இறங்கும் தண்ணீருக்கும் உங்கள் கார்பெட்டுக்கும் நடுவே இருக்கும் சுவரே அதுதான். கதவை மூடி உள்ளே உட்கார்ந்துகொண்டு, வெளியே இருந்து கண்ணாடி மேல் மக்கால் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். டார்ச்சை அடித்துக்கொண்டு பாருங்கள். கண்ணாடியின் வெளிப்புறமாகக் கதவுக்குள் இறங்கும் தண்ணீர், லாக் கம்பியிலோ வயரிலோ தாவி, சொட்டாகத் திரண்டு, கொஞ்சம் தொங்கி, ஷீட் மேல் விழும். ஷீட்டின் கீழ்விளிம்பு சரியாக ஒட்டியிருந்தால் கதவுக்குள்ளேயே சறுக்கிப் போய்விடும். பிரிந்திருந்தால் பேடின் அடி வழியாகக் கதவு நிலைக்கு வந்து கார்பெட்டுக்குள் இறங்கும். கதவு ரப்பரைப் புதிதாக மாற்றினாலும் இது நிற்காது, ஏனென்றால் தண்ணீர் ரப்பருக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. பழைய பசையைத் துடைத்தெடுத்துவிட்டு பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) வைத்து ஒட்டினால் போதும். அப்படியே கதவின் அடித் துளைகளையும் ஒரு மழுங்கிய குச்சியால் குத்திவிடுங்கள். கதவைத் திறந்து மூடும்போது உள்ளே சளசளவென்று கேட்டால் அவை அடைத்திருக்கின்றன.

கதவு ரப்பரையே சந்தேகப்பட்டால், ஒரு தாளை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். எந்த இடத்தில் பிடிப்பே இல்லாமல் உருவிக்கொண்டு வருகிறதோ அங்கே அழுத்தம் போதவில்லை. உடனே புது ரப்பர் வாங்க ஓட வேண்டாம். கீல் தேய்ந்து கதவு இறங்கியிருக்கலாம். கதவைத் தூக்கி நிறுத்தி, லாக் கொக்கியைச் சற்று உள்ளே தள்ளி முடுக்கினாலே சரியாகிவிடும்.

இவை இரண்டிலும் எதுவும் சிக்கவில்லை என்றால் ஹோஸ். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. தண்ணீர் மெல்ல வழிந்தால் போதும். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம், நல்ல ரப்பரையும் அது தாண்டி, இல்லாத ஒழுகலைக் காட்டும். கீழிருந்து தொடங்கி, ஒவ்வொரு இடத்திலும் 5 முதல் 10 நிமிடம் விட்டு, மெதுவாக மேலே ஏறுங்கள், கூரை கடைசி. மேலிருந்து ஆரம்பித்தால் எல்லாம் ஒன்றாக நனைந்து, எது குற்றவாளி என்றே தெரியாது. கார் வழக்கமாகச் சரிவில் நிற்குமானால் சோதிக்கும்போதும் அதே சாய்வில் நிறுத்துங்கள். சமதளத்தில் ஒழுகாத கார் சரிவில் ஒழுகும்.

டிக்கியைத் தனி வழக்காக எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே முதல் சந்தேகம் டெயில் லாம்ப். லாம்ப்புக்குப் பின்னால் இருக்கும் ஸ்பான்ஞ் வாஷர் காலப்போக்கில் அப்பளம்போல் நொறுங்கிவிடும். உள்ளே, லாம்ப்புக்குக் கீழே காய்ந்த தகரத்தில் முகப் பவுடரைத் தூவிவிட்டு, டிக்கியை மூடி ஹோஸ் பிடியுங்கள். தண்ணீர் ஓடிய தடம் பவுடரில் கோடாக விழுந்திருக்கும். பின்னிருக்கை மடங்கினால் ஒருவர் கேபினிலிருந்தே எட்டிப் பார்க்கலாம். மடங்காத காரில் ஆளை வைத்துப் பூட்டாதீர்கள். ஃபோனில் வீடியோவையும் லைட்டையும் போட்டு உள்ளே வைத்தால் போதும். லாம்ப் சுத்தம் என்றால் டிக்கி ரப்பர், கூரையும் பக்கத் தகரமும் சேரும் மடிப்பில் வெடித்த சீலன்ட், பிறகு பம்பருக்குப் பின்னால் மறைந்திருக்கும் காற்றுத் திறப்புகள். கதவைச் சாத்தும்போது உள்காற்று வெளியேறுவதற்காக வைத்தவை அவை. பம்பரைக் கழற்றாமல் கை போகாது. ஸ்டெப்னி குழியின் அடி ரப்பரைப் பிடுங்கிவிட்டால் தண்ணீர் தானாகப் போய்விடும் என்று ஒரு யோசனை உலவுகிறது. எனக்கு உடன்பாடில்லை. போகிற வழியாகவே சாலைச் சேறும் ஏறி வரும்.

இப்போது உங்கள் கண்ணாடி. காரின் ஜன்னல்களை மூடி, வெளிக்காற்று வரும்படி வைத்து, ப்ளோயரை உச்சத்தில் ஓடவிடுங்கள். கண்ணாடியின் ஓரமெல்லாம் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள். உள்காற்று வெளியேறும் இடத்தில் குமிழி வரும். குமிழி வந்து, ஹோஸும் அதே இடத்தைக் காட்டினால் மெக்கானிக் சொன்னது சரி, கழற்றி ஒட்டலாம். இதுவரை கண்ணாடியை மாற்றியதே இல்லை என்றால் எனக்குச் சந்தேகம் குறைவு. மாற்றிய கார் என்றால் அதிகம். ஒட்டுவது கண்ணாடிக்கென்றே உள்ள யூரித்தேன் பசையால் இருக்கட்டும். அடித் தகரத்தில் துரு இருந்தால் அதைச் சுரண்டி ப்ரைமர் அடிக்காமல் ஒட்ட விடாதீர்கள். விபத்தில் கூரையைத் தாங்குவதிலும், முன்பயணியின் ஏர்பேக் விரிவதிலும் அந்தக் கண்ணாடிக்குப் பங்கு உண்டு.

நீங்கள் பூசிய சிலிக்கானை எப்படியும் சுத்தமாகச் சுரண்டி எடுத்தாக வேண்டும். அதன் மேல் யூரித்தேனும் பிடிக்காது, பெயின்ட்டும் பிடிக்காது. காயும்போது வினிகர் வாடை வந்திருந்தால் இன்னும் சீக்கிரம் எடுங்கள். அந்த வகை அசிட்டிக் அமிலத்தை விடும், தகரம் துருப்பிடிக்கும்.

கார்பெட்டை முழுசாக எடுக்க இருக்கைகளைக் கழற்ற வேண்டியிருக்கும். அடியில் மஞ்சள் நிற கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, கார் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே அதைத் தொட வேண்டும். கார்பெட்டுக்கு அடியில் ஓடும் வயர் கனெக்டர்களில் பச்சைப் பூஞ்சாணம்போல் படிந்திருந்தால் அது செம்பு அரித்தது. அதையும் இப்போதே சுத்தம் செய்துவிடுங்கள். ஸ்பான்ஞ் காய நாள் கணக்காகும், ஃபேன் காற்றில் நிமிர்த்தி வையுங்கள். ஒழுகல் நின்றுவிட்டது என்று தோன்றினாலும் அதை உடனே மாட்ட வேண்டாம். வெறும் தரையில் செய்தித்தாளோடு இரண்டு நல்ல மழை ஓட்டுங்கள். இரண்டிலும் தாள் காய்ந்திருந்தால் மாட்டிக்கொள்ளலாம்.