வெந்நீரில் காட்டிய வளையல்

பழம்பொருள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை ஒருவர் பதில் சொல்கிறார். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, அந்தக் காலத்து பிளாஸ்டிக்கான பேக்கலைட் பற்றி.

கேள்வி: இங்கே ஒரு பழம்பொருள் சந்தையில் வெண்ணெய் மஞ்சள் நிறத்தில் தடிமனான வளையல் ஒன்றை, ‘1930களின் பேக்கலைட்’ என்று சொல்லி 45 டாலருக்குக் கொடுத்தார்கள். ஏமாந்துவிட்டேனா?
– வாசகி, எடிசன், நியூஜெர்சி

பதில்: முதலில் மூக்கைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கை பொறுக்கும் சூட்டில் குழாய்த் தண்ணீரைத் திறந்து, வளையலை அரை நிமிடம் காட்டி, உடனே மோந்து பாருங்கள். பள்ளிக்கூடத்து விலங்கியல் லேபில் தவளை ஜாடி அலமாரியைத் திறந்தால் ஒரு நெடி அடிக்குமே, அந்த ஃபார்மலின் நெடி வரவேண்டும். கூடவே அந்தக் காலத்துச் சிவப்பு லைஃப்பாய் சோப்பின் கார்பாலிக் வாசனையும் லேசாக இருக்கும். ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்துச் செய்த பொருள் இது. எண்பது வருஷம் ஆனாலும் பிறந்த வீட்டு வாசனை போகாது.

கற்பூர வாசனை வந்தால் அது செல்லுலாய்டு என்ற இன்னொரு பழைய பிளாஸ்டிக். அதைச் செய்யும்போதே கற்பூரம் சேர்ப்பார்கள். பால் தீய்ந்த மாதிரி இருந்தால் பாலின் புரதத்திலிருந்து செய்த கேசின். எந்த வாசனையும் இல்லாமல் கையில் லேசாக இருந்தால், பெரும்பாலும் பின்னாளில் வந்த அக்ரிலிக் வகை. பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்கிறவர்களும் உண்டு. வேண்டாம். செல்லுலாய்டாக இருந்தால் கற்பூரம் போலவே குப்பென்று பற்றிக்கொள்ளும். பேக்கலைடாக இருந்தால் ஆயுசுக்கும் தழும்பு.

அடுத்து, காது குடையும் பஞ்சுக் குச்சி. வளையலைக் கழுவித் துடைத்துவிட்டு, குச்சியில் துளி உலோக பாலீஷ் தொட்டு (உங்கள் ஊரில் சிமிக்ரோம் கிடைக்கும், இங்கே நமக்கு பிராஸோ) உள்பக்கம் லேசாகத் தேயுங்கள். வளையல் சிவப்போ பச்சையோ, பஞ்சில் ஏறுவது மஞ்சள் கறையாக இருக்கவேண்டும். சில கறுப்பு வளையல்களும், மேலே வார்னிஷ் பூசியவையும் கறை காட்டாமல் ஏமாற்றும். அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

இவையெல்லாம் பொருள் என்ன என்றுதான் சொல்லும், வயதைச் சொல்லாது. வயதுக்குக் கண் வேண்டும். லியோ பேக்லண்ட் என்ற வேதியியலாளர் 1907இல் நியூயார்க்கை அடுத்த யாங்கர்ஸில் கண்டுபிடித்த அசல் பேக்கலைட், மரத்தூள் கலந்து அச்சில் அழுத்தியது. கறுப்பு, பழுப்பு என்று மங்கிய நிறங்கள்தான் அதில் வந்தன. 1927இல் காப்புரிமை முடிந்ததும், மரத்தூள் இல்லாமல் திரவமாக வார்க்கும் கேட்டலின் போன்ற அதே குடும்பத்துச் சரக்குகள் வண்ண வண்ணமாக வந்தன. நகைக்காரர்கள் பேக்கலைட் என்று விற்பது பெரும்பாலும் இதைத்தான். குழாய், கட்டை வடிவில் வார்த்து, அறுத்து, செதுக்குவார்கள். ஆகவே வளையலைச் சுற்றி அச்சின் இணைப்புக்கோடு ஓடினால் சந்தேகப்படுங்கள். பால் வெள்ளையாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். அன்று வெள்ளையாக இருந்தது இன்று உங்கள் வளையல் மாதிரி வெண்ணெய் மஞ்சளாகப் பழுத்திருக்கும். நீலம் பச்சையாகியிருக்கும். கண்ணாடி போல இருந்தது ஆப்பிள் ஜூஸ் நிறத்துக்கு வந்திருக்கும்.

கேள்வி: என்னிடமும் அப்படி ஒரு மஞ்சள் வளையல் இருக்கிறது. மங்கிக் கிடக்கிறது. பளபளப்பாக்க என்ன செய்யலாம்?
– வாசகி, கோவை

பதில்: என் கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது, மாசசூசெட்ஸில் பிரிம்ஃபீல்ட் என்ற ஊரின் திறந்தவெளிச் சந்தையில் தேன் நிறத்தில் ஒரு வளையல் வாங்கினேன். ஊர் திரும்பிய வாரமே, குத்துவிளக்கு தேய்க்கிற கையோடு அதற்கும் பிராஸோ போட்டேன். துணியில் மஞ்சள் வர வர, அழுக்கு போகிறது என்று குஷி. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒரு பக்கம் தேன், மறுபக்கம் வெளிறிய தந்தம். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “நல்லா வெளுத்துடுச்சே” என்றார். முப்பது வருஷம் வேதியியல் நடத்தியவளுக்குத் தேவைதான்.

துணியில் வந்தது அழுக்கே இல்லை. காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுத்த மேல்தோல். சேகரிக்கிறவர்கள் காசு கொடுப்பதே அந்த நிறத்துக்குத்தான். மேலே சொன்ன பஞ்சுக் குச்சிக் கறையும் அதேதான். அதனால்தான் உள்பக்கம் தேய்க்கச் சொன்னேன்.

உங்கள் வளையலை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டு, குழந்தைகளின் மெத்தென்ற டூத் பிரஷால் செதுக்கல் இடுக்குகளைத் தேய்த்து, உடனே துடைத்துவிடுங்கள். ஊறவைக்க வேண்டாம். கல் பதித்ததோ கீல் வைத்ததோ என்றால் தண்ணீரே வேண்டாம், ஈரத்துணி போதும். காய்ந்ததும் மென்மையான பருத்தித் துணியால் பத்து நிமிடம் வெறுமனே தேயுங்கள். முக்கால்வாசி மெருகு இதிலேயே வந்துவிடும். கீறல் கண்ணை உறுத்தினால் மட்டும் அந்த இடத்தில் துளி பாலீஷ்.

கேள்வி: தாத்தா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் மணிமாலை. பாட்டி ‘அம்பர்’ என்பார். பேக்கலைடாக இருக்கலாம் என்கிறார் நகைக்கடைக்காரர்.
– வாசகர், காரைக்குடி

பதில்: அம்பர் என்பது மண்ணில் புதைந்து கல்லாகிப்போன மரப்பிசின். பர்மாவில் அதை வெட்டியெடுக்கிறார்கள், அதனால் பாட்டி சொன்னதைத் தள்ளிவிட முடியாது. அதே சமயம் அம்பர் போலவே தெரிகிற பேக்கலைட் மணிகளும் ஏராளமாகப் புழங்கின. கோர்வையிலிருந்து ஒரே ஒரு மணியைக் கழற்றுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில், இனிமேல் கரையாது என்கிற வரை உப்பைப் போட்டுக் கலக்கித் தெளியவிட்டு மணியைப் போடுங்கள். அம்பர் மிதக்கும், பேக்கலைட் மூழ்கும். மூழ்கினால் அம்பர் இல்லை என்று நிச்சயமாகச் சொல்லலாம். மிதந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். சில சாதாரண பிளாஸ்டிக்கும் மிதக்கும். ரத்தினக் கற்களைச் சோதிக்கும் லேபில் காட்டிவிடுங்கள். மணியை நல்ல தண்ணீரில் அலசித் துடைக்க மறக்கவேண்டாம்.

கேள்வி: அப்பா காலத்துக் கறுப்பு டெலிபோன் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: ஐயோ, வேண்டாம். இது அச்சில் அழுத்திய வகை. மேலே மெல்லிய பிசின் தோல், உள்ளே மரத்தூள் கலவை. தோல் போனால் உள்ளிருக்கும் சொரசொரப்பு வெளியே வந்துவிடும், அப்புறம் தண்ணீரையும் உறிஞ்சும். பழைய அச்சு பேக்கலைட் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸும் கலந்தார்கள். அந்தத் தூசி மூக்கில் ஏறக்கூடாது. நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடையுங்கள். அடிப்பக்கத்தில் துளி கார் பாலீஷைச் சோதித்துப் பாருங்கள். ஒத்துவந்தால் மேலேயும் லேசாகப் போட்டு, கடைசியில் மெழுகு பாலீஷ் ஒரு கை. சாம்பல் போகும், புதுசு மாதிரி ஆகாது. ஜன்னலோர மேஜையிலிருந்து எடுத்து உள்ளே வையுங்கள், வெயில்தான் அதை இந்தக் கதிக்கு ஆக்கியது.

கேள்வி: குக்கர் கைப்பிடியில் தீ பட்டால் ஒரு நெடி வருகிறதே, அதுவும் இந்தக் குடும்பம்தானா?
– வாசகி, மதுரை

பதில்: அதேதான். அடுப்பைக் குறையுங்கள்.