கண் அமுக்கம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கண் திசுக்களின் பொறிமுறைதான் நான் படித்த துறை. வைத்தியர் இல்லை. ஆகவே "சொட்டு மருந்தை விடலாமா?" என்று மட்டும் கேட்க வேண்டாம்.

வெள்ளவத்தை வாசகர்: அக்கா, அமுக்கம் 16 (மில்லிமீற்றர் இரசம்) தான். ஆனாலும் குளுக்கோமா எண்டு சொல்லிட்டினம். 10 முதல் 21 வரை சரி எண்டுதானே?

குளுக்கோமா என்பது பார்வை நரம்பு நலிந்து பார்வை குறையும் நோய். அந்த 21 கோடு போட்ட எல்லை அல்ல. பார்வை நரம்பின் பத்து லட்சம் அளவான இழைகள் கண்ணின் பின்சுவரில் ஒரு சல்லடைத் தட்டு வழியாக வெளியேறுகின்றன. இடியப்ப உரலின் அடித்தட்டை நினையுங்கள். ஆனால் இது உலோகம் இல்லை, கொலாஜன். அமுக்கம் தள்ளத் தள்ளத் தட்டு பின்னுக்கு வளையும், துளைகள் சரியும், இழைகளும் நுண்குருதிக்குழாய்களும் நெரிபடும். உயர்தரப் பௌதிகத்தில் தகைப்பு, விகாரம் படித்தீர்களே, அதேதான். தட்டு நலிந்த கண்ணுக்கு 16ஏ கூடுதலாக இருக்கலாம். பின்னாலிருந்து மூளைத்தண்டுவடத் திரவம் தாங்குகிறது. அந்தத் தாங்கல் குறைந்தாலும் தட்டுக்குப் பாரம் ஏறும்.

கொட்டாஞ்சேனை வாசகர்: எனக்கு 24. கோர்னியா (கண்ணின் முன் கண்ணாடிப் படலம்) தடிப்பு 610 மைக்ரோன். இணையத்துச் சூத்திரப்படி கழிச்சா 19. அப்ப பிரச்சினை இல்லைத்தானே?

கழிக்காதீர்கள். அமுக்கம் அளக்கும் கோல்ட்மன் கருவி கோர்னியாவில் 3.06 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தைத் தட்டையாக்க எவ்வளவு விசை வேண்டும் என்று பார்க்கிறது. தடிப்பு சுமார் 520 என்று வைத்துத்தான் அதைக் கணித்தார்கள். தடித்தால் கூட்டிக் காட்டும், உண்மை. ஆனால் தடிப்பு வேறு, விறைப்பு வேறு. நீர் கோர்த்து வீங்கிய கோர்னியா தடிப்பாகவும் இருக்கும், மென்மையாகவும் இருக்கும். அதில் கருவி குறைத்துக் காட்டும்.

அதே வாசகர்: 2002இல வந்த அமெரிக்க ஆய்வு மெல்லிய கோர்னியாக்காரருக்குத்தான் ஆபத்து கூட எண்டது. அப்ப எனக்கு நல்லதுதானே?

அது ஆபத்தின் அடையாளத்தைச் சொன்ன ஆய்வு. கழித்தல் வாய்ப்பாடு தந்த ஆய்வு அல்ல.

தெஹிவளை வாசகர் (பொறியியல் மாணவர்): குறுக்கிடுறதுக்கு மன்னிக்கவும். விறைப்பையே அளக்கலாமே?

கேட்டீர்களே, தம்பி! காற்றடித்துக் கோர்னியாவை உள்ளே தள்ளும் கருவி இருக்கிறது. உள்ளே போகையில் தட்டையாகும் அமுக்கமும் திரும்பி வருகையில் தட்டையாகும் அமுக்கமும் சமமாக இரா. கண் சும்மா இறப்பர் இல்லை. பிசுக்குத்தன்மையும் உண்டு, சக்தியை விழுங்கும். அந்த வித்தியாசம் சிறிதாக உள்ள கண்களில் நோய் வேகமாக முற்றுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் அதுவும் 24ஐ 19 ஆக்காது, கொட்டாஞ்சேனை அண்ணை.

பம்பலப்பிட்டி வாசகி: கண் கடிக்கு பாமசியில வாங்கின ஸ்டீராய்டு சொட்டை மூண்டு மாதமா விடுறன்.

இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. கண்ணீர் வேறு, கண்ணுக்குள் ஊறும் நீர் வேறு. உள்நீர், கண்ணுக்குள்ளே கோர்னியாவும் கதிராளியும் (ஐரிஸ்) சந்திக்கும் மூலையில் உள்ள வலைத்திசு வழியாக வடிகிறது. ஸ்டீராய்டு சிலருக்கு அந்த வலையை விறைக்கச் செய்து வடிகாலை அடைக்கும். நோவும் இராது. இந்தக் கிழமையே அமுக்கத்தைப் பாருங்கள்.

மட்டக்குளி வாசகர்: சிரசாசனம்?

தலைகீழாக நிற்கையில் அமுக்கம் ஏறக்குறைய இரட்டிக்கும். குளுக்கோமா உள்ளவர் விட்டுவிடுங்கள்.

வத்தளை வாசகி: லேசிக் செய்தனான்.

லேசரால் செதுக்கியதில் கோர்னியா மெலிந்திருக்கும், அளவு குறைவாக வரும். அளப்பவரிடம் முதலே சொல்லுங்கள்.

மருதானை வாசகர்: அமுக்கம் 17, ஆனா குளுக்கோமாவாம். எப்பிடி?

முதல் பதில்.

கொட்டாஞ்சேனை வாசகர்: சரி, கழிக்கேல்ல. இப்ப என்ன செய்ய?

610ஐயும் 24ஐயும் பழைய றிப்போட்டுகளோடு கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். நரம்பின் படமும் பார்வைப்புலச் சோதனையும் கேளுங்கள்.