கியோஸ் தீவில் ஒன்பது கிராமம் வேண்டாம், மூன்றே போதும்

கேள்வி: வரும் செப்டம்பரில் நானும் அம்மாவும் (வயது 66) கிரீஸ் போகிறோம். சாண்டோரினி கூட்டம் வேண்டாம் என்று கியோஸ் தீவைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். கியோஸ் நகரில் தங்கி, நான்கு நாளில் ஒன்பது பழைய கிராமங்களைப் பார்த்துவிடலாம் என்று திட்டம். எனக்கு கார் ஓட்டத் தெரியும். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. இருவரும் சைவம். இந்தத் திட்டம் சரிவருமா? - வாசகி, கோவை

பதில்: தீவும் சரி, மாதமும் சரி. திட்டத்தில் இரண்டை மட்டும் மாற்றச் சொல்வேன். ஒன்பதை மூன்றாக, மிஞ்சிப்போனால் ஐந்தாகக் குறையுங்கள். தங்குவதை நகரிலிருந்து தீவின் தென்பகுதியில் உள்ள மெஸ்தா கிராமத்துக்கு மாற்றுங்கள்.

காரணம் சொல்கிறேன். பகலில் மெஸ்தாவுக்குப் போனால் நீங்கள் பார்ப்பது உங்களைப் போன்ற மற்ற பயணிகளைத்தான். மதியம் மூன்று மணிக்கு கிரீஸில் ஊர் அடங்கிவிடும். கோடையில் ஐந்தரை வரை அமைதி காக்க வேண்டிய நேரம் என்று சட்டமே இருக்கிறது. கடை இருக்காது, கதவு திறக்காது. அந்த நேரத்தில் வந்து இறங்கி, பூட்டிய வீடுகளைப் படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் "ஒன்றுமே இல்லையே" என்கிறார்கள். ஆறு மணிக்கு மேல் தெரு வேறு மாதிரி ஆகிவிடும். வாசலில் நாற்காலி வரும், வீட்டுக்கு வீடு பேச்சு வரும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கே படுத்து எழுந்தால்தான் முடியும்.

மெஸ்தா போன்ற தென்பகுதிக் கிராமங்கள் 24. எல்லாவற்றுக்கும் சோறு போட்டது ஒரே மரம். நம்மூர் நாட்டு மருந்துக் கடையில் 'ரூமி மஸ்தகி' என்று வெள்ளையாக, கற்கண்டுத் துணுக்கு போல ஒரு பிசின் கிடைக்குமே, அம்மாவிடம் கேட்டால் தெரிந்திருக்கும், அது இங்கிருந்து வருவதுதான். 1346 முதல் 1566 வரை ஜெனோவா வணிகர்கள் தீவை ஆண்டார்கள். மஸ்தகி வியாபாரம் அவர்கள் கையில். கடற்கொள்ளையரிடமிருந்து பிசினையும் அதை எடுக்கும் ஆட்களையும் காப்பாற்ற, ஊரையே கோட்டையாகக் கட்டினார்கள். தனியாக மதில் கிடையாது. ஊரின் கடைசி வரிசை வீடுகளின் பின்சுவர்தான் மதில். அந்தச் சுவரில் வெளிப்பக்கம் ஜன்னல் வைக்கவில்லை. எல்லா வீட்டு மொட்டைமாடியும் ஏறக்குறைய ஒரே உயரம். எதிரி உள்ளே வந்துவிட்டால் மாடிக்கு மாடி தாவி ஊர் நடுவிலிருந்த கோபுரத்துக்கு ஓடிவிடலாம். தெருக்கள் வேண்டுமென்றே வளைந்து, குறுகி, பல இடங்களில் வளைவுக் கூரைக்கு அடியில் ஓடுகின்றன. மெஸ்தாவில் நடுக்கோபுரம் தவிர மற்றதெல்லாம் இன்றும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஜிபிஎஸ் அங்கே தடுமாறும், கவலை வேண்டாம். சின்ன ஊர்தான், நடந்துகொண்டே இருந்தால் எப்படியும் சதுக்கத்துக்கு வந்துவிடுவீர்கள்.

அம்மாவின் முழங்காலுக்கு இந்தக் கட்டட அமைப்பே ஒரு வழி வைத்திருக்கிறது. அக்காலத்தில் கீழ்த்தளம் கழுதைக்கும் தானியத்துக்கும், மாடி மனிதர்களுக்கு. இன்று விடுதியாக மாறிய வீடுகளிலும் மாடிக்குப் போகும் கல்படிகள் செங்குத்தாக இருக்கும். அதனால் முன்பதிவு செய்யும்போதே "கீழ்த்தள அறை, உள்ளே படி இல்லாதது" என்று எழுதிக் கேளுங்கள். வளைவுக் கூரையும் கனத்த சுவரும் உள்ள அந்த அறைகள் வெயிலுக்கும் இதம். கார் ஊருக்குள் போகாது, வெளியே நிறுத்த வேண்டும். அங்கிருந்து கல்தரையில் சக்கரப் பெட்டியை இழுப்பது பெரும்பாடு. மூன்று நாள் துணியை முதுகுப் பையில் போட்டுக்கொண்டு, பெரிய பெட்டியை காரிலேயே வைத்துவிடுங்கள். அறை இருக்கும் இடத்தைத் தேடி அலையாமல், விடுதிக்காரரைச் சதுக்கத்துக்கு வரச் சொல்லுங்கள். வந்து கூட்டிப்போவார்கள்.

கார் வேண்டுமா என்றால், வேண்டும். கிராமங்களுக்குப் பச்சைப் பேருந்துகள் ஓடுகின்றன, ஆனால் நாளுக்குச் சில நடைகள்தான். ஞாயிற்றுக்கிழமையை நம்பவே முடியாது. இந்திய உரிமத்தோடு ஆர்டிஓவில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். அங்கே வலதுபுறம் ஓட்டுவார்கள். கியர் போடும் வண்டிகளே அதிகம். ஆட்டோமேட்டிக்தான் பழக்கமென்றால் இப்போதே பதிவு செய்யுங்கள். விமான நிலையம் நகரை ஒட்டியே இருக்கிறது. அங்கிருந்து மெஸ்தா சுமார் 35 கிலோமீட்டர், வளைவுகளோடு ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் கியோஸ் என்று இருந்தாலும் கிரேக்கர் வாயில் அது 'ஹீயோஸ்'. டிக்கெட் கவுன்டரில் அப்படிச் சொன்னால்தான் சட்டென்று புரியும்.

இரண்டாம் நாள் ஒலிம்பியும் பிர்கியும். ஒலிம்பி மெஸ்தாவின் தங்கை மாதிரி, ஊருக்குள் அரை மணி நேரம் நடந்து பார்த்தால் போதும். பிர்கிக்கு நேரம் ஒதுக்குங்கள். அங்கே வீட்டு முகப்பெல்லாம் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள், முக்கோணங்கள், வட்டங்கள். பலர் அதை வண்ணம் தீட்டியது என்று நினைக்கிறார்கள். கறுத்த மணல் கலந்த சாந்தை முதலில் பூசி, அதன்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசி, ஈரம் காயுமுன் முள்கரண்டி போன்ற கருவியால் வெள்ளையைச் சுரண்டி எடுக்கிறார்கள். அடியில் இருக்கும் கறுப்பு மேலே வருகிறது. 'க்ஸிஸ்தா' என்றால் சுரண்டியது. பக்கத்தில் போய் விரலால் தடவிப் பாருங்கள், கோட்டின் பள்ளம் தட்டுப்படும். பால்கனிகளில் சின்னத் தக்காளியைச் சரம் சரமாகக் காயவிட்டிருப்பதும் செப்டம்பரில் கண்ணில் படும். ஊருக்குச் சற்று வெளியே 2016இல் திறந்த மஸ்தகி அருங்காட்சியகம் இருக்கிறது. மரங்களுக்கு நடுவே நடக்கலாம். செவ்வாய் விடுமுறை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

செப்டம்பர் நல்ல மாதம் என்றேனே, அதற்குக் காரணம் இந்த மரம். ஜூலையிலிருந்து பட்டையில் சிறு கீறல்கள் போடுவார்கள். விழும் பிசின் மண்ணில் ஒட்டாமல் இருக்க மரத்தடியைக் கூட்டி வெள்ளைப் பொடி மண் தூவி வைப்பார்கள். சொட்டு இறுகியதும் ஆகஸ்ட் நடுவிலிருந்து பொறுக்கத் தொடங்குவார்கள். நான் போயிருந்தபோது மெஸ்தாவில் ஒரு பாட்டி வாசற்படியில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்து, சின்னக் கத்தியால் ஒவ்வொரு துணுக்கிலும் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அரிசியில் கல் பொறுக்கும் அதே குனிவு. நின்று பார்த்த என் கையில் ஒன்றை வைத்து, வாயில் போட்டு மென்று பார் என்று சைகை காட்டினார். முதல் கடியில் பொடிந்து கசந்தது. கொஞ்ச நேரத்தில் பசையாகத் திரண்டு, வாயெல்லாம் பைன் மர வாசம். இப்படி யாராவது வேலை செய்வதைப் பார்த்தால் முதலில் "கலிமேரா" சொல்லுங்கள், மாலையென்றால் "கலிஸ்பேரா". படம் எடுக்கலாமா என்பதை அப்புறம் கேளுங்கள். அது அவர்கள் வீட்டு வாசல்.

மூன்றாம் நாள் மேற்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே ஏறுங்கள். கரையோரம் பழைய காவல் கோபுரங்கள் தென்படும். 11ஆம் நூற்றாண்டின் நேயா மொனி மடத்தை முதலில் பாருங்கள், மதியம் மூடிவிடுவார்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். பொன்பின்னணி மொசைக் ஓவியங்களுக்காக 1990இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மடம் இது. அங்கே ஒரு சிறு அறையில் மண்டையோடுகள் அடுக்கியிருக்கும். 1822இல் தீவை ஆண்ட ஒட்டோமான் துருக்கியரின் படை தீவில் நடத்திய படுகொலையில் இறந்தவர்கள். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மஸ்தகி வருமானம் சுல்தானின் அரண்மனைக்குத் தேவைப்பட்டதால் தென்கிராமங்கள் பெரும்பாலும் தப்பின. அனாவதோஸ் தப்பவில்லை. செங்குத்துப் பாறைமேல் அந்த ஊர் இன்றும் கிட்டத்தட்ட காலியாக நிற்கிறது. உச்சி வரை கரடுமுரடான படிகள். அம்மா கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலே போதும், அந்தக் காட்சியே நெஞ்சை அடைக்கும். பிறகு பக்கத்து அவ்கோனிமா கிராமத்தில் உட்கார்ந்து சூரியன் கடலில் இறங்குவதைப் பாருங்கள்.

சாப்பாட்டுக்கு ஒரு சொல் தெரிந்தால் போதும், 'லாதெரா'. எண்ணெயில் தக்காளியோடு வெந்த பீன்ஸ், கத்தரி, வெண்டைக்காய் வகைகள். 'நிஸ்திசிமோ' என்ற விரத உணவை நம்பி விடாதீர்கள், அதில் கணவாயும் ஆக்டோபஸும் வரலாம். "ஹோரிஸ் க்ரேயாஸ், ஹோரிஸ் ப்சாரி" (இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்) என்று சொல்லிவிடுங்கள். இனிப்புக்கு, குளிர்ந்த தண்ணீரில் கரண்டியோடு முக்கித் தரும் வெள்ளை மஸ்தகிப் பாகு.

கடைசியாக இரண்டு எச்சரிக்கை. எதிரே துருக்கியின் செஷ்மே, படகில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. ஒருமுறை நுழைவு ஷெங்கன் விசாவோடு அங்கே போனால் திரும்ப கியோஸில் கால் வைக்க முடியாது. அப்புறம், காற்று பலமானால் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். ஏதென்ஸுக்குக் கப்பலில் திரும்புவதாக இருந்தால், சென்னை விமானத்துக்கு முன் ஒரு நாள் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.