மூன்று முறை தேர்வில் தோற்ற மகள், நான்காவது முறை எழுதலாமா?

உங்கள் மகள் நுழைவுத்தேர்வில் மூன்று முறை தோற்றுவிட்டாள், இன்னொரு வருடம் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எத்தனையாவது முறை என்பதை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. மூன்று முறையும் ஒரே இடத்தில் சறுக்கினாளா, வெவ்வேறு இடத்திலா? எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

ஸ்பேஸ்எக்ஸ் என்ற அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் ஃபால்கன் 1 ராக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2006-இல் அரித்துப்போன ஒரு நட்டினால் எரிபொருள் கசிந்து தீப்பிடித்தது. 2007-இல் மேல் அடுக்கின் தொட்டிக்குள் திரவம் தளும்பி ராக்கெட் நிலைதடுமாறியது. 2008 ஆகஸ்டில், அடுக்குகள் பிரிந்த பிறகும் கீழ் எஞ்சினில் கொஞ்சம் உந்துவிசை மிச்சமிருந்ததால் கீழ் அடுக்கு மேலே போய் இடித்துவிட்டது. சரி, பிரிவதற்கு முன் இன்னும் கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று நேரத்தை மாற்றினார்கள், இரண்டு மாதம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 28 அன்று நான்காவது ராக்கெட் சுற்றுப்பாதைக்குப் போய்விட்டது. ஒரு முறை வந்த கோளாறு மறுமுறை வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நம் வீடுகளில் நடப்பது வேறு. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று சொல்லி, அதே புத்தகத்தை அதே மாதிரி, இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் படிக்க வைக்கிறோம்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். கடைசியாக எழுதிய வினாத்தாளை அவளே எடுத்து, தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் காரணம் எழுதட்டும்: பாடமே தெரியவில்லை, தெரிந்தும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை, கேள்வியைத் தவறாகப் படித்தேன், நேரம் போதவில்லை. நீங்கள் பக்கத்தில் உட்காரவே வேண்டாம், உட்கார்ந்தால் உண்மையை எழுத மாட்டாள். பாடமே தெரியாதது அதிகம் என்றால் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். நேரம்தான் சிக்கல் என்றால் கடிகாரம் வைத்து எழுதிப் பழக வேண்டும், அதற்குப் புதிதாக எந்தக் கோச்சிங்கும் தேவையில்லை.

நினைவுக்கு வரவில்லை என்பதே அதிகமாக இருந்தால் படிக்கும் முறையில் கோளாறு. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள், ஆனால் ஒரு வாரம் கழித்து முந்தியது, படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள். வீட்டில் கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளை தேர்வறையில் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் அந்தப் பெரிய கேள்வி, எப்போது நிறுத்துவது. மூன்று மதிப்பெண்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஏறிக்கொண்டே வந்து கொஞ்சத்தில் தவறியிருந்தால், என்னைக் கேட்டால், எழுதட்டும். மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்து, காரணப் பட்டியலும் மாறவில்லை என்றால், முறையை மாற்றாமல் நான்காவது வருடத்தைக் கொடுப்பது வீண். எழுதுவதென்று முடிவானால், இத்தனை மாதத்தில் மாதிரித் தேர்வில் இவ்வளவு வராவிட்டால் வேறு படிப்பு என்று இப்போதே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முடிவு வந்த அன்று அழுகைக்கு நடுவில் அதைப் பேச முடியாது. விண்ணப்பிக்கக்கூடிய மற்ற படிப்புகளின் கடைசித் தேதியையும் கூடவே குறித்து வையுங்கள், பலர் கோட்டைவிடுவது அங்கேதான்.

இன்னொன்று. நீங்கள் எழுதியதில் உங்கள் விருப்பம் இருக்கிறது, அவள் அப்பாவின் விருப்பம் இருக்கிறது, அவளுக்கு மறுபடி எழுத ஆசையா என்பது எங்கேயும் இல்லை. அதைக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.